நிச்சயம் பண்ணி அனுப்பலாமா, தாலி கட்டி அனுப்பலாமா?

நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் நண்பர்களில் பாதிப் பேருக்கு இப்போது ஒரு கால் அமெரிக்காவில்தான். பிள்ளைகள் அங்கே; சம்பந்தம் பேசுவது இங்கே. நான் வரலாறு படித்தவன், சட்டப் புத்தகங்களையும் கொஞ்சம் புரட்டுகிறவன் என்று தெரிந்தவர்கள் என்னைக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "பையன் அங்கே சிட்டிசன் ஆயிட்டான்பா. பொண்ணு நம்ம ஊரு. நிச்சயம் மட்டும் பண்ணி அனுப்பினா சீக்கிரம் போயிடலாம்னு சொல்றாங்க. கல்யாணம் பண்ணிட்டா வருஷக்கணக்கா ஆகுமாமே, நிஜமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், ஒரு பெண்ணைக் கணவனிடம் சேர்க்க ஒரு நாட்டுச் சட்டத்தில் இரண்டு மூன்று வாசல்கள் எதற்கு, அவற்றை யார், எப்போது, எந்த அவசரத்தில் திறந்தார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்த வாசலில் தலை இடிக்கும் என்பது தானாகவே விளங்கும். நான் வக்கீல் அல்ல. மலர்க் குழுவினர் கேட்டதும் சரித்திரம்தான். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்னையே கிடையாது. 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண், கழுத்தில் மோதிரமோ தாலியோ ஏறிய நிமிடமே அமெரிக்கக் குடிமகள். மனு கிடையாது, நேர்காணல் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் "குடிமகளாகத் தகுதி உள்ளவள்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்தக் காலத்தில் அதற்குப் பெரும்பாலும் வெள்ளைத் தோல் என்று அர்த்தம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1907-இல் வந்த சட்டம், வெளிநாட்டானை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்றது. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எதெல் மெக்கன்ஸி என்ற பெண்மணி 1909-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஒரு பாடகரை மணந்தார். ஊரை விட்டு எங்கும் போகவில்லை. 1911-இல் கலிபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததும் ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனார். "நீங்கள் அமெரிக்கரே இல்லையே அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1915-இல் அவர் தோற்றார். புருஷன் எந்த நாடோ பெண்டாட்டியும் அந்த நாடு. நம் ஊர்ப் பாட்டிமார் சொல்வதை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

1922-இல் வந்த கேபிள் சட்டம் இந்த முடிச்சைப் பாதி அவிழ்த்தது. மனைவிக்குத் தனிக் குடியுரிமை வந்தது. நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து வெளிநாட்டு மனைவி தானாகக் குடிமகள் ஆவதும் நின்றது. 1921-இலும் 1924-இலும் நாட்டுவாரியான குடியேற்ற ஒதுக்கீடுகளும் வந்து சேர்ந்தன. ஆக, "மனைவிக்கு விசா" என்ற தலைவலிக்கு இப்போது வயது சுமார் நூறு.

கேபிள் சட்டத்திலும் ஒரு முள் இருந்தது. குடிமகனாகத் தகுதியில்லாத இனத்தவனை மணந்தால் குடியுரிமை போய்விடும். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர், குடிமக்களாகத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. வங்காள விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸ் 1914-இலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவரை மணந்த மேரி கீட்டிங் தாஸ் பரம்பரை அமெரிக்கர். திந்த் தீர்ப்புக்குப் பின் அந்த அம்மையார் தன் சொந்த நாட்டிலேயே நாடற்றவராக நிற்க வேண்டி வந்தது. இந்த முள்ளை 1931-இல்தான் பிடுங்கினார்கள்.

சீனர்களின் கதை இன்னும் விசித்திரம். 1925 மே 25 அன்று ஒரே நாளில் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. சீன வியாபாரியின் மனைவி வரலாம், ஏனெனில் பழைய வணிக ஒப்பந்தம் அவளைக் காப்பாற்றுகிறது. சீன வம்சாவளி அமெரிக்கக் குடிமகனின் மனைவி வரக்கூடாது, ஏனெனில் 1924 சட்டத்தில் அவளுக்கு இடமில்லை. குடிமகனாக இருப்பதைவிடக் கடைக்காரனாக இருப்பது மேல் என்றாகிவிட்டது! 1930-இல் ஒரு சிறு திருத்தம் வந்து, 1924-க்கு முன் மணந்தவர்களின் மனைவியரை மட்டும் உள்ளே விட்டது.

கலிபோர்னியாவில் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்த பஞ்சாபிகள் ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லாமல் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள். பஞ்சாபில் இருபது முப்பது ஆண்டுகள் கணவன் முகம் பார்க்காமல் கிழவியான மனைவியரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை. 1946-இல்தான் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதியும், ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீடும் கிடைத்தன. நூறு லட்சமல்ல, வெறும் நூறு! 1936-இல் லலிதாவை மணந்து, அடுத்த ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நம் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர் 1953-இல் அமெரிக்கக் குடிமகன் ஆக முடிந்தது இந்த 1946 சட்டத்தால்தான்.

இங்கே ஜப்பானியரின் 'போட்டோ கல்யாண'த்தைச் சொல்லாமல் போக முடியாது. 1907-08-இல் ஜப்பானும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டில் கூலியாட்கள் வருவது நின்றது. மனைவிமார் வரலாம் என்ற சந்து மட்டும் மிஞ்சியது. போட்டோவை மாற்றிக்கொண்டு, ஊர்ப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்து, முகம் தெரியாத கணவனைத் தேடி ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பல் ஏறினார்கள். 1920-இல் ஜப்பானே இதை நிறுத்தியது. 1924 சட்டம், பதிலாள் வைத்துச் செய்யும் திருமணமும் போட்டோ திருமணமும் செல்லாது என்று எழுதியே வைத்தது. நம் பழைய ஜமீன் கதைகளில் மாப்பிள்ளைக்குப் பதில் வாளை அனுப்பித் தாலி கட்டுவார்களே, அந்த ரகம். இந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1952 சட்டப்படி, மணமக்கள் இருவரும் நேரில் இல்லாமல் நடந்த திருமணம், அதன் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்தால் ஒழிய விசாவுக்குச் செல்லாது. கொரோனா காலத்தில் யூட்டா மாநிலத்தின் ஒரு கவுண்டி, கம்ப்யூட்டர் திரை வழியாகவே கல்யாணம் செய்து வைக்க ஆரம்பித்தது. அந்தத் தம்பதிகளுக்கும் இதே விதிதான். சான்றிதழ் கையில் இருந்தாலும், அதற்குப் பின் இருவரும் ஒரே ஊரில் கூடி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

இப்போது நம் தலைப்பின் இரு வாசல்கள். இரண்டையும் திறந்தது இரண்டாம் உலகப் போர். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் பல்லாயிரக்கணக்கில் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டார்கள். மனைவிகள் அங்கே, சிப்பாய் இங்கே. 1945 டிசம்பர் 28 அன்று 'போர் மணமகள் சட்டம்' வந்தது. 1946 ஜனவரியில் 'அர்ஜென்டினா' என்ற கப்பல் சவுதாம்ப்டனிலிருந்து சுமார் 450 பிரிட்டிஷ் மனைவியரையும் அவர்கள் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு நியூயார்க் போனது. தாலி கட்டியவர்களுக்கு வழி பிறந்தது. நிச்சயம் மட்டும் ஆனவர்கள்? அவர்களுக்காக 1946 ஜூன் 29 அன்று இன்னொரு சட்டம். வருங்கால மனைவி பார்வையாளராக மூன்று மாதத்துக்கு வரலாம். அதற்குள் திருமணம் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் திருப்பி அனுப்பப்படுவாள். இன்றைய கே-1 விசாவின் 90 நாள் கெடு இதன் பேரப்பிள்ளைதான். ஆசியப் பெண்களுக்கு முதலில் இந்தச் சலுகை இல்லை. 1947 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது; அதுவும் முப்பது நாளுக்குள் திருமணம் முடிந்திருக்க வேண்டும் என்று. ஜப்பானில் இருந்த சிப்பாய்கள் முகூர்த்தம் பார்க்காமல் ஓடியிருப்பார்கள்.

போர் மணமகளிரில் எலன் நாஃப் என்பவரின் கதையை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் செக்கோஸ்லோவாகியா போய், 1939-இல் அகதியாக இங்கிலாந்து சேர்ந்து, அங்கே விமானப் படையில் பணியாற்றியவர். போர் முடிந்ததும் ஜெர்மனியில் அமெரிக்க ராணுவத் துறையிலேயே வேலை. அங்கே ஒரு முன்னாள் அமெரிக்க வீரரை 1948 பிப்ரவரியில் மணந்தார். ஆகஸ்டில் நியூயார்க் துறைமுகம் வந்து இறங்கினால், எல்லிஸ் தீவில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். "ரகசியத் தகவல் இருக்கிறது; என்ன தகவல் என்று சொல்ல மாட்டோம்; விசாரணையும் கிடையாது." அவ்வளவுதான். கணவன் குடிமகன், போர் வீரர், ஒன்றும் எடுபடவில்லை. 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. வெளியே நிற்கும் அந்நியருக்கு அரசு எந்த நடைமுறையை அளிக்கிறதோ அதுவே போதுமான நடைமுறை என்பது தீர்ப்பின் சாரம். பத்திரிகைகள் குரல் எழுப்பின. அவரைத் திருப்பி அனுப்ப விமானம் கிளம்ப இருந்த நேரத்தில், தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய நீதிபதி ஜாக்சன் தடை உத்தரவு கொடுத்து நிறுத்தினார். கடைசியில் விசாரணை நடத்திப் பார்த்ததில் குற்றச்சாட்டை நிரூபிக்கச் சரக்கே இல்லை. 1951 நவம்பரில், வந்து மூன்று ஆண்டு கழித்து, அம்மையார் உள்ளே போனார். அவருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1952 சட்டம் மனைவி என்றிருந்த சலுகையைக் கணவனுக்கும் சமமாக்கியது. 1965 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தது. நம்மவர்கள் கூட்டமாகப் போக ஆரம்பித்தது அதன் பிறகே. குடிமகனின் மனைவி அல்லது கணவன் எண்ணிக்கை வரம்பே இல்லாத நெருங்கிய உறவினர் பட்டியலில் வந்தார். 1970 ஏப்ரலில், வியட்நாம் போர்க் காலத்தில், வருங்கால மனைவிக்கான கே விசா நிரந்தரச் சட்டமாயிற்று. ஒரு வேடிக்கை: கம்பெனிகள் தம் ஆட்களை மாற்றி அனுப்பும் எல் விசாவும் அதே சட்டத்தில்தான் பிறந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான அந்த எல்-1 விசாவும் இந்த நிச்சயதார்த்த விசாவும் இரட்டைப் பிள்ளைகள்.

அடுத்து சந்தேகக் காலம். 1985-இல் செனட் விசாரணையில் குடியேற்றத் துறை, விசாவுக்கான திருமணங்களில் 30 சதவீதம் பொய்த் திருமணம் என்று ஒரு கணக்கைச் சொன்னது. அந்தக் கணக்கு சரியாக எடுக்கப்பட்டதல்ல என்று துறையே பின்னால் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் 1986 நவம்பர் 10-இல் சட்டம் வந்துவிட்டது! திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாமல் வருபவருக்கு இரண்டு ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டு. அது முடியும் முன் கடைசி 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும். இதனால், அடித்துத் துன்புறுத்தும் கணவனிடம்கூட மனைவி கையெழுத்துக்காகக் காத்து நிற்க வேண்டிய கொடுமை உண்டாயிற்று. 1990-இல் இதற்கு ஒரு விலக்கும், 1994-இல் துன்புறும் மனைவி தானே மனுப் போடும் உரிமையும் வந்தன. பெண்ணைப் பெற்றவர்கள் இந்த ஒரு வரியை மறக்கக் கூடாது. கே-1 விசாவுக்கு "இரண்டு ஆண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும்" என்ற விதியும் 1986 கொடைதான். இதில் பண்பாட்டு வழக்கத்துக்காக ஒரு விலக்கு உண்டு. 'எங்கள் வழக்கத்தில் பெண்ணும் பையனும் கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்' என்று நம்மவர் அதை நம்பிப் போவது எனக்குச் சம்மதமில்லை. டிக்கெட் எடுத்துப் பையன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

1996 சட்டம் இன்னொன்றைச் சேர்த்தது. அழைப்பவர் தரும் ஆதரவுப் பத்திரம் வெறும் காகிதமல்ல, நீதிமன்றத்தில் செல்லும் ஒப்பந்தம். மனைவி குடிமகள் ஆகும்வரை, அல்லது சுமார் பத்து ஆண்டு வேலைக் கணக்கு சேரும்வரை அது பிணைக்கும். விவாகரத்து ஆனாலும் விடாது. பையனைப் பெற்றவர்கள் இந்த வரியை மறக்க வேண்டாம்.

2000-ஆம் ஆண்டின் இறுதியில், கல்யாணமான பிறகும் கணவனிடம் போய்க் காத்திருக்கட்டும் என்று கே-3 என்றொரு விசா கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் அதற்கான மனுவும் மூல மனுவும் ஒரே வேகத்தில் ஊர்ந்தன. மூல மனு வந்து சேர்ந்துவிட்டால் கே-3 கோப்பை மூடிவிடுவது என்று 2010-இல் முடிவாயிற்று. இன்று அது பெயரளவில் உயிரோடு இருக்கிறது. யாராவது ஏஜெண்ட் அதைச் சொன்னால் வேறு ஏஜெண்ட் பாருங்கள்.

ஆக மிஞ்சுவது இரண்டு. நிச்சயத்துக்குக் கே-1; கல்யாணத்துக்கு சி.ஆர்-1, திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்திருந்தால் ஐ.ஆர்-1. கே-1 சீக்கிரம் என்பது பழைய கதை. இப்போது இரண்டுமே பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுகின்றன. கே-1-இல் போன பெண் 90 நாளுக்குள் அதே பையனை மணந்து, பிறகு அங்கே மறுபடி கிரீன் கார்டுக்கு மனுப் போட வேண்டும். அது முடியும்வரை வேலைக்குத் தனி அனுமதி, வெளியே போய்வரத் தனி அனுமதி. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால்கூட அந்தச் சீட்டு வராமல் கிளம்பினால் மனுவே போய்விடும். சி.ஆர்-1-இல் போகிறவள் விமான நிலையத்தில் இறங்கும்போதே நிரந்தரவாசி; மறுநாள் வேலைக்குப் போகலாம். 2024 ஏப்ரல் கட்டணப்படி பார்த்தால் கே-1 வழிக்குச் செலவும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. என் தீர்ப்பு: நம் குடும்பங்களுக்குத் தாலி கட்டி அனுப்புவதே சரி.

அதைவிட முக்கியமான ஒன்று. நம் பெரியவர்கள் ஒரு நடுவழி கண்டுபிடிப்பார்கள். "ரிஜிஸ்டர் பண்ணாம கோயில்ல சும்மா தாலி கட்டிடுவோம், பேப்பர்ல நிச்சயம்னு போட்டுக்கலாம்." ஐயா, வேண்டாம்! இந்து திருமணச் சட்டப்படி திருமணம் செல்லுவது சடங்கால். பதிவு வெறும் சான்று. கோயிலில் தாலி ஏறினால் திருமணம் ஆயிற்று, கே-1 தகுதி போயிற்று. அந்தப் போட்டோவை யாரோ ஒரு சித்தப்பா பையன் ஊருக்கே அனுப்பியிருப்பான். அதே காரணத்தால்தான், தமிழ்நாட்டில் 1968 முதல் செல்லும் சுயமரியாதைத் திருமணமும் அமெரிக்க விசாவுக்குத் தயக்கமில்லாமல் செல்லும். நடந்த இடத்தின் சட்டப்படி சரியா என்பதே அவர்கள் முதல் கேள்வி. புரோகிதர் இருந்தாரா என்பதல்ல. பதிவுச் சான்றிதழ் மட்டும் கையில் இருக்கட்டும்; நம் மாநிலத்தில் 2009 சட்டப்படி அது எப்படியும் கட்டாயம்.

இரண்டாவது கேள்வி, போய் வாழப்போகும் மாநிலம் இந்தத் திருமணத்தை ஏற்குமா என்பது. இங்கேதான் நம் முறைப்பெண், முறைமாப்பிள்ளை விவகாரம் வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் அங்கே சில மாநிலங்களில் சாதாரணம், பல மாநிலங்களில் தடை. தாய்மாமன் திருமணம் அதைவிடச் சிக்கல். 2014-இல் நியூயார்க்கின் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம், வியட்நாமியப் பெண் ஒருவர் தன் தாயின் ஒன்றுவிட்ட வயிற்றுச் சகோதரரை மணந்தது செல்லும் என்று ஒருமனதாகச் சொல்லி, அவர் நாடு கடத்தப்படாமல் காப்பாற்றியது. உடன்பிறந்த தாய்மாமனுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆகவே முகூர்த்த நாள் குறிப்பதற்கு முன் மாப்பிள்ளை எந்த மாநிலம் என்று கேளுங்கள்.

பையன் கிரீன் கார்டு மட்டும் வைத்திருந்தால் வரிசை வேறு. 2019 ஜூலையிலிருந்து 2023 மார்ச் வரை அந்த வரிசை காலியாக இருந்தது. பிறகு மறுபடி நீண்டுவிட்டது. காத்திருக்கும்போதே பையன் சிட்டிசன் ஆனால் மனு தானாக மேல் வரிசைக்கு ஏறும். எச்-1பி பையனின் மனைவிக்கு எச்-4. அதில் வேலை செய்யும் அனுமதி 2015 மே முதல் சிலருக்கு மட்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு கல்யாணம் பண்ணலாம் என்பவர்களுக்கு நான் சொல்வது: அது மோசடிக் கணக்கில் சேரும், வாழ்நாள் முழுக்கத் தடையாகலாம்.

நாஃப் தீர்ப்பு அப்படியே நின்றுவிட்டது என்று சொன்னேன் அல்லவா. லாஸ் ஏஞ்சல்ஸில் வழக்கறிஞராக இருக்கும் சாண்ட்ரா முனோஸ் என்ற குடிமகள் 2010-இல் எல் சால்வடாரைச் சேர்ந்த ஒருவரை மணந்தார். 2015-இல் கணவர் விசா நேர்காணலுக்காகத் தன் நாட்டுக்குப் போனார். அவர் உடம்பில் இருந்த பச்சைக் குத்துகள் ஒரு குற்றக் கும்பலைக் குறிப்பவை என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டது பின்னால்தான் தெரிந்தது. அவர் மறுத்தார், குற்றப் பதிவு எதுவும் இல்லை. மனைவி வழக்குப் போட்டார். 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம், கணவன் அல்லது மனைவியை நாட்டுக்குள் அழைத்து வருவது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று ஆறுக்கு மூன்று கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பில் 1950-இன் எலன் நாஃப் வழக்கும் எடுத்துக்காட்டப்பட்டது. 2015-இல் நேர்காணலுக்கு என்று ஊருக்குப் போன கணவர், தீர்ப்பு வந்த அன்றும் எல் சால்வடாரிலேயே இருந்தார்.